பால்மரத்து ஊரில் டயர் வாங்கிய கதை

வாரத்தில் ஐந்து நாள் காலையில் வானொலியில் நான் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "பல இடங்களில் மழை பெய்கிறது. சாலை வழுக்கும், வேகத்தைக் குறைத்துக் கவனமாகச் செல்லுங்கள்." போக்குவரத்துத் தகவலுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் ஆறே நொடியில் சொல்லி முடித்துவிடுவேன். இதுவரை எத்தனை நூறு முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. 2023 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

கோலாலம்பூரில் கண் மருத்துவரிடம் அம்மாவைக் காட்டிவிட்டு ஜாசினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சிம்பாங் அம்பாட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மாலை மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தூறலாக ஆரம்பித்துப் பெரிதாகும் பழக்கமே அதற்குக் கிடையாது. வாளியைக் கவிழ்த்தது மாதிரிதான். வேகம் 105. சட்டப்படி 110 வரை போகலாம் என்பதால் நான் நல்ல பிள்ளைதான் என்ற நினைப்பு. சாலை சற்றே தாழ்ந்து தண்ணீர் தேங்கியிருந்த ஓர் இடத்தில் ஸ்டீரிங் திடீரென்று லேசாகிப்போனது. கையில் ஒன்றுமே இல்லாதது போல. எஞ்சின் சத்தம் மட்டும் ஒரு படி ஏறியது. கார் தானாகவே இடது பக்கம் நகர்ந்து நடுத் தடத்துக்குள் போனது. அந்தத் தடத்தில் அந்த நேரம் வண்டி எதுவும் இல்லை. ஐம்பது மீட்டர் முன்னால் ஒரு டிரெய்லர் லாரி போய்க்கொண்டிருந்தது.

பிரேக்கை மிதிக்கவில்லை. புத்திசாலித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம், பயத்தில் கால் தூக்கிக்கொண்டது. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, செய்ய வேண்டியதும் அதுதானாம். எண்ணெய்க் காலை எடுத்துவிட்டு, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, டயர் மறுபடி தரையைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு நொடிதான் இருக்கும். டயர் தரையைப் பிடித்தபோது கார் ஒரு குலுக்குக் குலுக்கியது.

ஆயர் குரோ ஓய்விடத்தில் நிறுத்தும்வரை அம்மா வாயே திறக்கவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "கொஞ்ச நேரம் கார் படகு மாதிரி போச்சே, அது எதனால?"

மறுநாள் காலை வெயில் வந்ததும் அம்மா காரைச் சுற்றி வந்தார். என்னுடையது மைவி 1.5. சிவப்பு நிறம், கொஞ்சம் தாழ்த்திய ஸ்பிரிங், 16 அங்குல ரிம். தினமும் வேலைக்குப் போவது அதில்தான். ஆனாலும் செலண்டார், நியாலாஸ் பக்கத்து வளைவுகளில் ஞாயிறு காலை அதை ஓட்டும்போது கிடைக்கும் சுகத்தை நான் மறைக்கப் போவதில்லை. ரிம் வாங்கியபோது கையில் பணம் குறைந்துபோனது. அதனால் டயரை மட்டும் பழைய டயர் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். 195/45 அளவு, நான்கும் சேர்த்து 280 ரிங்கிட். ஜப்பானிலிருந்து வந்தவை, பள்ளம் ஆழமாக இருக்கிறது, இன்னும் மூன்று வருடம் ஓடும் என்றார் கடைக்காரர். பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தேன், ஆழமாகத்தான் இருந்தது. பழைய டயரை ஏமாந்து வாங்கும் எல்லோரும் செய்யும் சோதனை அது.

அம்மா முப்பத்தொரு வருடம் பால்மரம் வெட்டியவர். முன் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தை டயரில் அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"நகம் இறங்கல. வெயில்ல கிடந்து காய்ஞ்ச ஓட்டுப்பால் மாதிரி இருக்கு."

பிறகு பள்ளத்தை விரித்துக் காட்டினார். அடியில் தலைமுடி அளவுக்கு வெடிப்புகள். டயரின் மேல்பரப்பு முழுவதும் நெருக்க நெருக்கமாக மெல்லிய கீற்றுகள் இருந்தன. "யாரோ இதுல மரம் வெட்டப் பழகியிருக்கான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கேள்வியில் அது நின்றுபோனது. "பக்கத்துல பெருசா எழுதியிருக்கே, அது என்னா?"

ஆறு மாதமாக நான் தினமும் ஏறி இறங்கும் காரில், படித்துப் பட்டம் வாங்கிய நான் படிக்காத ஒரே எழுத்து அது. "ஸ்டட்லெஸ்" என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே மலையும் பனித்துளியும் வரைந்த ஒரு சின்ன முத்திரை. அது குளிர்கால டயர். பனியிலும் உறைந்த சாலையிலும் ஓட்டுவதற்காகச் செய்தது.

குளிர்கால டயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரண ரப்பர், வெப்பம் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் விறைத்துப்போகும். அதனால் குளிர் நாடுகளில் அந்தக் குளிரிலும் மெதுவாகவே இருக்கும்படி கலவையை மாற்றி, பனியைக் கவ்வுவதற்கு ஆயிரக்கணக்கான கீற்றுகள் போட்டு, தனியாக ஒரு டயர் செய்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அதைப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மொன்றியலில் இருக்கும் நம் உறவுகளுக்கு அது தெரியும். நமக்கு? மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1978 பிப்ரவரியில் கேமரன் மலையில் 7.8 டிகிரி. அதாவது, இந்த நாட்டின் வரலாற்றிலேயே மிகக் குளிரான அந்த இரவில்கூட அந்த டயருக்கு வேலை வந்திருக்காது. மலாக்காவில் விடியற்காலை 24 டிகிரி இருந்தாலே நாம் போர்வையைத் தேடுகிறோம்.

நம் சூட்டில் அந்த மெதுவான ரப்பரும் கீற்றுப் போட்ட கட்டைகளும் பிரேக் பிடிக்கும்போது நெளியும். ஈரத் தார்ச்சாலையில் நிற்க அதிகத் தூரம் எடுக்கும். வயதாகி இறுகிவிட்டாலோ, இருந்த ஒரே நன்மையும் போய்விடும். என் டயருக்கு வயது என்ன? பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 3815. 2015ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். எட்டு வயது தாண்டிய டயரில் அம்மாவை உட்காரவைத்து 105இல் ஓட்டியிருக்கிறேன்.

அம்மாவுக்கு மழை என்றால் அது வேறு கணக்கு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்ததும் அவர் முதலில் பார்ப்பது வானத்தைத்தான். பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து ஓடிவிடும். வெட்டி முடித்த பிறகு மழை வந்தால் மங்கில் இருக்கும் பாலில் தண்ணீர் சேர்ந்துவிடும். பெரட்டுக்குப் போய் நின்று திரும்பி வந்த நாள்களுக்குச் சம்பளம் கிடையாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் எங்கள் வீட்டு மளிகைக் கடன் ஏறுவதற்குக் காரணம் அதுதான் என்பது எனக்குப் பல வருடம் கழித்தே புரிந்தது. தோட்டத்துப் பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு மழை நாள் என்றால் அம்மா வீட்டில் இருக்கும் நாள், அவ்வளவுதான்.

அந்த ரப்பர் இந்த மண்ணுக்கு வந்த கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மலாக்காவில்தான் தொடங்கியது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போன விதைகள் முளைத்து, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் நடுங்கள் என்று விதையைத் திணித்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அவர் பேச்சைக் கேட்டு வணிக ரீதியில் முதலில் நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கர். அடுத்து புக்கிட் ஆசகானில் பெரிய அளவில். ரிட்லி வேலைக்கு வந்த அதே 1888இல்தான் ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்ட் நகரில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. அதன் பிறகு ரப்பர் விலை ஏறிய ஏற்றமும், கங்காணிகளோடு நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்ததும் உங்கள் வீட்டிலேயே சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

இத்தனைக்குப் பிறகு, அந்த வீட்டுப் பேத்தி ஜப்பானில் கழித்துப்போட்ட டயரை 70 ரிங்கிட்டுக்கு வாங்கி மாட்டிக்கொண்டு திரிகிறாள். அம்மா இதைச் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அன்று மதியமே தம்பியையும் அழைத்துக்கொண்டு ஜாசினில் டயர் கடைக்குப் போனோம். தம்பி பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவன். கார் விஷயத்தில் எனக்கு ஆசான் என்று தன்னை நினைத்துக்கொள்பவன். கடையில் வேலை பார்த்த அண்ணன் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். என்னிடம் "வீட்டுக்காரர் வரலையாமா?" என்று கேட்டதை மன்னித்துவிட்டேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் சொன்னது அத்தனையும் உருப்படியானது.

தம்பி காட்டியது, பந்தயத் திடலில் ஓட்டுபவர்கள் விரும்பும் டயர். மேல்பரப்பு கிட்டத்தட்ட முழுவதும் ரப்பர், பள்ளம் பெயருக்குத்தான். பக்கச் சுவரில் டிரெட்வேர் 200 என்று போட்டிருந்தது. "அக்கா, இது பசை மாதிரி ஒட்டும்." ஒட்டும்தான். காய்ந்த சாலையில், டயர் சூடேறிய பிறகு. தேங்கிய தண்ணீரில் அந்த ரப்பர் முதலில் தரையைத் தொட வேண்டுமே! சாலைக்கும் டயருக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரை ஒதுக்கித் தள்ளப் பள்ளம் வேண்டும். அண்ணன் சொன்ன உவமை எனக்குப் பிடித்திருந்தது. "எஸ்டேட்ல கான் வெட்டி வைக்கலன்னா தண்ணி எங்கம்மா போகும்? ரோட்டுலயும் அதே கதைதான்." டயரைச் சுற்றி ஓடும் மூன்று, நான்கு அகலமான நேர்ப்பள்ளங்கள்தான் பெரிய கான். அவற்றிலிருந்து ஓரத்துக்குப் பிரியும் சாய்வுப் பள்ளங்கள் சின்னக் கான்.

அடுத்தது அகலம். அகலமான டயர் என்றால் பிடிமானம் அதிகம் என்பது காய்ந்த சாலைக்குச் சரி. தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரமே மிதக்கும், ஏனென்றால் ஒதுக்க வேண்டிய தண்ணீர் அதிகம். என் காருக்குத் தொழிற்சாலை கொடுத்த அளவு 185/55 ஆர்15. அதற்கே திரும்பிப் போகலாம் என்று முடிவு செய்தபோது தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொந்தக்காரர் கல்யாணத்தில் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று சொன்ன மாதிரி இருந்தான். நல்ல வேளை, பழைய 15 அங்குல ரிம் வீட்டுப் பின்னால் அப்படியே கிடந்தது.

அதற்காக ஓட்டும் சுகத்தை முழுக்க விட்டுவிட வேண்டியதில்லை. வேகமாகத் திரும்பும் கார்களுக்கென்றே, ஆனால் மழைச் சாலையை மனதில் வைத்துச் செய்த டயர்கள் எல்லா நல்ல நிறுவனங்களிடமும் இருக்கின்றன. பக்கச் சுவர் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அதனால் ஸ்டீரிங் திருப்பியதும் கார் கேட்கும். பள்ளம் தாராளமாக இருக்கும். கலவையில் சிலிக்கா சேர்ந்திருக்கும். இந்த சிலிக்காதான் முக்கியம். அது மணலின் இனம். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து கார் டயர்களின் கலவையில் கரித்தூளுக்குப் பதிலாக இதைப் பெருமளவு சேர்க்கத் தொடங்கினார்கள். ஈரத்தில் பிடிமானம் கூடியது, எண்ணெய்ச் செலவும் குறைந்தது. இப்போது நெல் உமியை எரித்த சாம்பலிலிருந்துகூட டயருக்கு சிலிக்கா எடுக்கிறார்கள்.

கடையில் நான் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்ததைக் கேட்ட அம்மா ஒரு கேள்வி கேட்டார். "அப்போ நம்ம பாலுக்கு மழையில பிடிப்பு இல்லையா?"

உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. கார் டயரின் தரையைத் தொடும் பகுதியில் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான் அதிகம். ஈரத்தில் பிடிப்பதற்கு அது மேல். மரத்துப் பாலின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கிழியாது, சூடேறாது, எத்தனை முறை வளைத்தாலும் திரும்பி வரும். அதனால் டயரின் உடம்புக்குள்ளும் பக்கச் சுவரிலும் அதுதான் இருக்கிறது. லாரி டயரிலும் விமான டயரிலும் அதன் பங்கு இன்னும் அதிகம். ஈரப் பிடிப்பில் இருந்த அந்தக் குறையையும் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சும்மா விடவில்லை. மலேசிய ரப்பர் வாரியம், மரத்துப் பாலையே வேதிமாற்றம் செய்து எக்கோபிரினா என்ற பெயரில் ஒரு ரப்பரை உருவாக்கியிருக்கிறது. சிலிக்காவோடு அது நன்றாகச் சேரும், ஈரச் சாலையிலும் பிடிக்கும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்படிச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

எந்த டயர் மழையில் நன்றாக நிற்கும் என்று கடையில் எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு குறிப்புகள் உதவும். பல டயர்களின் பக்கச் சுவரில் டிராக்‌ஷன் என்ற சொல்லோடு ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு மதிப்பெண் இருக்கும். ஈரத் தரையில் நேராகப் போய் பிரேக் பிடித்துச் சோதித்துக் கொடுப்பது அது. ஏஏ அல்லது ஏ இருந்தால் நல்லது. ஆனால் தேங்கிய தண்ணீரில் மிதப்பதையும் வளைவில் சறுக்குவதையும் அது சோதிப்பதில்லை. இன்னொன்று, ஐரோப்பாவில் 2012 நவம்பரிலிருந்து டயரில் ஒட்டும் லேபல். அதில் மழை மேகம் வரைந்த கட்டத்தில் இருக்கும் எழுத்துதான் ஈரப் பிடிமானம், ஏ என்றால் உச்சம். 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், மிக நல்லதற்கும் மிக மோசமானதற்கும் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம் என்பதுதான் அந்த லேபல் வந்தபோது சொல்லப்பட்ட கணக்கு. நான்கு மைவி வரிசையாக நிற்கும் நீளத்துக்கும் மேலே. நம் கடைகளில் அந்த லேபலைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. நீங்கள் எடுக்க நினைக்கும் டயரின் பெயரை வைத்து, அதே அளவுக்கு என்ன எழுத்து என்று கடைக்குப் போகும் முன்பே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குக் காட்டிய புது டயர்கள் ஒன்று 190 ரிங்கிட்டிலிருந்து 300 வரை. 240க்கு ஒன்றை எடுத்தேன். 82வி என்று எழுதியிருந்தது. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். மைவி அந்த வேகத்துக்குப் போகாது என்று நினைக்கிறேன், நெடுஞ்சாலையில் சிலர் ஓட்டுவதைப் பார்த்தால் சந்தேகமாகவும் இருக்கிறது. நான்கும் சேர்த்து 960. கையில் இருந்த பணத்துக்கு அது வலித்தது. இரண்டு மட்டும் இப்போது மாற்றிவிட்டு, மீதியை போனஸ் வந்ததும் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"ரெண்டுதான் வாங்குறேன்னா அதைப் பின்னாடி போடணும்" என்றார் அண்ணன். எனக்கு ஆச்சரியம். மைவிக்கு முன் சக்கரம்தானே இழுக்கிறது, திருப்புகிறது? அவர் விளக்கினார். முன்னால் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்தால் திரும்பப் பிடிக்கும். பின்னால் வழுக்கினால் கார் சுற்றிவிடும், அதை நாம் யாரும் திருத்த முடியாது. ஆகவே நல்ல டயர் பின்னால். பல கடைகளில் கேட்காமலேயே புதியதை முன்னால் போட்டுவிடுவார்கள், நாமும் தலையாட்டிவிடுவோம். என் பழைய டயர் எந்தப் பக்கமும் போடும் நிலையில் இல்லாததால் நான்கையும் மாற்றினேன். கடன் அட்டைக்கு நன்றி, அடுத்த மூன்று மாதம் அதற்குப் பதில் சொன்னேன்.

கழற்றும்போது அண்ணன் காற்றை அளந்தார். முன் இரண்டிலும் 170 கிலோபாஸ்கல். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் காருக்கு வேண்டிய அளவு இருக்கும். எங்களைப் போன்ற சின்னக் கார்களுக்கு 230 ஒட்டி இருக்க வேண்டியது. நான் கடைசியாக எப்போது காற்றுப் பார்த்தேன்? தீபாவளிக்கு முன்பா? போன தீபாவளிக்கா?

இந்தக் காற்று விஷயத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1960களில் விமானங்கள் ஈர ஓடுபாதையில் சறுக்கியதை ஆராய்ந்த நாசாவின் வால்டர் ஹோர்ன் கண்டுபிடித்தது. தண்ணீர், டயரின் பள்ளத்தைவிட ஆழமாகத் தேங்கியிருந்தால், டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதை முக்கியமாகக் காற்றழுத்தம்தான் தீர்மானிக்கிறது. அவர் கணக்குப்படி 230 கிலோபாஸ்கலில் மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டர். 170இல் சுமார் 83. விமான டயருக்குப் போட்ட கணக்கு அது, காருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நான் போனது 105. டயரில் காற்றைச் சரியாக வைத்திருந்தால்கூட அந்தப் பள்ளத்தில் மிதந்திருக்க வாய்ப்பு உண்டு. புது டயர் மாட்டியதும் எனக்கு ரெக்கை முளைத்துவிட்டதாக நினைக்காமல் இருப்பதற்கு அந்த எண்தான் காரணம். இப்போது மழை கொட்டினால் 80. பின்னால் வருபவர் விளக்கடித்தால் அடிக்கட்டும்.

காற்றைப் பார்ப்பது காலையில், டயர் சூடேறும் முன்பு. எண்ணெய் நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும் ஒரே பொருள் காற்றுதான். அதையும் வாங்க நமக்கு நேரமில்லை. மாதம் ஒரு முறை போதும். பள்ளத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி அதோடு முடிந்தது. ஆனால் மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. புது டயரில் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றத் தயாராக வேண்டும் என்றார் அண்ணன். கருவி வேண்டாம், தீக்குச்சியைப் பள்ளத்தில் செருகி, பிள்ளைகளின் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல் உள்பக்கமும் பாருங்கள். என்னைப் போல் காரைத் தாழ்த்தியவர்களுக்கு உள்பக்கம்தான் முதலில் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பழைய டயர் வாங்கவே கூடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மாதக் கடைசியில் டயர் வெடித்து, கையில் 100 ரிங்கிட் மட்டும் இருக்கும் குடும்பத்திடம் போய் நான் தத்துவம் பேச முடியாது. நானும் அந்தக் கையோடு வளர்ந்தவள்தான். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வயதைப் படியுங்கள், பள்ளத்தை விரித்து அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், உள்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், ஸ்டட்லெஸ் என்ற எழுத்தோ பனித்துளி முத்திரையோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். விலை குறைந்த புது டயர் ஒன்று, பெயர் பெற்ற பழைய டயரைவிட மழையில் பெரும்பாலும் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளும். ரிம்முக்குச் செலவழிக்கிற பணத்தை டயரில் போடுங்கள் என்று நம் தம்பிமாரிடம் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, சொல்லிவிட்டேன்.

புது டயரை முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு முரட்டுத்தனமாக ஓட்டக் கூடாது என்றும் அண்ணன் எச்சரித்தார். அச்சிலிருந்து எடுக்கும்போது மேலே வழுவழுப்பு இருக்குமாம். அது தேய வேண்டும். அதனால் அந்த ஞாயிறு நியாலாஸ் வளைவுகளுக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டி வேகத்தில் போனேன். இரண்டு பக்கமும் செம்பனை. இங்கெல்லாம் எந்த நிரை யாருடையது என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பால்மரம்கூட மிச்சமில்லாத இடத்தில்.

கழற்றிய நான்கு டயரையும் கடையிலேயே விட்டுவிடலாம் என்றால் அம்மா கேட்கவில்லை. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார், கருவேப்பிலைக் கன்றைச் சுற்றி வைக்க வேண்டுமாம். கொண்டுவந்து போட்டதும் அடுத்த உத்தரவு. "அடியில ஓட்டை போடு. தண்ணி நின்னா ஏடிஸ் கொசு வரும், அப்புறம் சுகாதார இலாகாக்காரன் வந்து நோட்டீஸ் ஒட்டுவான்." தம்பி டிரில்லரை எடுத்து வந்தான். முதல் ஓட்டை போடுவதற்குள் ஒரு முனை உடைந்தது.

"பார்த்தியா" என்றார் அம்மா. "நகம் எப்படி இறங்கும்?"